மருந்து ஒன்று, அளவு ஒன்று

1/ "மருந்து கெட்டிச்சாச்சாப்பா?" எங்க வில்லாபுரம் பக்கம் திருவிழாவுல வேட்டு போடுற பெரியவர் கேட்பார். நோயாளிக்குக் கொடுப்பதும் மருந்து, வெடிப்பதும் மருந்தா? சின்ன வயசுல எனக்குப் பெரிய சந்தேகம். டாக்டரானதும் தெரிஞ்சது: சொல் மட்டுமில்ல, அளவும் ஒன்றுதான்.

2/ அதன் பெயர் கிரெய்ன். தானிய மணியின் எடையிலிருந்து வந்த பழைய இங்கிலாந்து அளவு. சுமார் 65 மில்லிகிராம். ஆஸ்பிரின் மாத்திரை ஏன் 325 மி.கி? 5 கிரெய்ன். ஃபீனோபார்பிடோன் 60 மி.கி? ஒரு கிரெய்ன். துப்பாக்கி மருந்தையும் இதே கிரெய்னில்தான் அளந்தார்கள்.

3/ சாமுவேல் கோல்ட் 1853-ல் லண்டனில் ரிவால்வர் தொழிற்சாலை தொடங்கினார். 1857-ல் இங்கிருந்த ஆங்கில அதிகாரிகள் பலரிடம் கோல்ட், ஆடம்ஸ் ரிவால்வர்கள் இருந்தன. ஒவ்வொரு அறையிலும் கருமருந்து, மேலே ஈயக்குண்டு. இன்று அவற்றின் நகல்களில் இலக்கு சுடுபவர்கள் மருந்தைக் குறைத்தே போடுகிறார்கள். ஆனால் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காலியிடம் இருக்கக் கூடாது. அதை எதை வைத்து நிரப்புறாங்க தெரியுமா? ரவை! நம்ம உப்புமா ரவையேதான்.

4/ சண்டைக்கு நடுவே சிப்பாய் அளந்து கொண்டிருக்க முடியுமா? அதனால் என்ஃபீல்டு துப்பாக்கிக்குச் சுமார் 68 கிரெய்ன், அதாவது 4.4 கிராம் மருந்தைக் குண்டோடு சேர்த்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். மாத்திரை ஸ்ட்ரிப் மாதிரி. அளவுப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் கொழுப்பு தடவிய அந்தக் காகிதத்தைப் பல்லால் கடிக்கணும். பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு பரவியது. 1857 ஏப்ரல் 24-ல் மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவை வாங்க மறுத்தார்கள். மே 10-ல் புரட்சி வெடித்தது.

5/ 1884-ல் பிரான்சின் பால் வியேல் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். கருமருந்தைவிடப் பல மடங்கு வீரியம். பழைய ரிவால்வரில் அதே கரண்டியால் இதை அளந்து போட்டால் உருளையே வெடித்துச் சிதறும்.

6/ ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப ராத்திரி ஒருத்தர் வந்தார். திருவிழா வேட்டு. வலது கையில மூணு விரல் இல்ல. "எப்பவும் போடுற அளவுதான் சார் போட்டேன்"னு திரும்பத் திரும்பச் சொன்னார். அளவு மாறல. மருந்து மாறியிருந்துச்சு, இந்தத் தடவை மாவு மாதிரி நைஸா இருந்துச்சாம். தூள் நைஸாக ஆக, எரியும் வேகம் கூடும்.

7/ இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? உங்க ஃப்ரிட்ஜ்ல இருக்கும் குழந்தைகளுக்கான பாராசிட்டமாலை எடுத்துப் பாருங்க. சொட்டு மருந்துன்னா பெரும்பாலும் 1 மில்லியில் 100 மி.கி. சிரப்புன்னா 5 மில்லியில் 125 மி.கி, 250-ம் உண்டு. சிரப் மாதிரி நினைச்சு சொட்டு மருந்தை 5 மில்லி ஊத்தினா 500 மி.கி. நாலு மடங்கு! குழந்தையின் கல்லீரல் பாதிக்கப்படலாம்.

8/ "எப்பவும் கொடுக்குற அளவுதான் டாக்டர்"னு சொல்றதுக்கு முன்னாடி லேபிளைப் படிங்க. பாட்டில் மாறினா அளவும் மாறும். சந்தேகம்னா பக்கத்து அரசு மருத்துவமனையில கேளுங்க. கேட்கிறதுக்குக் காசில்லை.