கிளினிக் செலவு ஏன் கூடிக்கொண்டே போகிறது?

சாதாரணக் காய்ச்சலுக்குத் தனியார் கிளினிக் போனாலும் பில்லைப் பார்த்து மலைக்க வேண்டியிருக்கிறது. மருத்துவர்கள் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள் என்பதே பலரின் எண்ணம். காரணம் அது மட்டுமல்ல.

தோட்டம் சுமந்த செலவு

தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் டிரஸ்ஸர் இருந்தார். மருந்துச் செலவு நிர்வாகத்தைச் சேர்ந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தபோது, அந்தச் செலவு குடும்பத்தின் தலையில் விழுந்தது.

ஆலோசனைக் கட்டணம்

2006-ஆம் ஆண்டு விதிமுறைகள் தனியார் கிளினிக் மருத்துவரின் ஆலோசனைக் கட்டணத்தை 10 முதல் 35 ரிங்கிட் என வரையறுத்தன. பல ஆண்டுகள் அது மாறவில்லை. ஆனால் கடை வாடகை, தாதியர் சம்பளம், மின்கட்டணம் எல்லாம் உயர்ந்தன. நம் நாட்டில் கிளினிக்குகளே மருந்தையும் கொடுப்பதால், அந்தச் சுமையின் ஒரு பகுதி மருந்து விலையில் ஏறியது.

மருந்தும் ரிங்கிட்டும்

பல மருந்துகளும் மூலப்பொருள்களும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. 1997-இன் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டாலர் சுமார் 2.50 ரிங்கிட், 1998 செப்டம்பரில் 3.80 என நிலைநிறுத்தப்பட்டது. ரிங்கிட் சரியும்போதெல்லாம் இறக்குமதி மருந்தின் விலை ஏறுகிறது.

நீண்டகால நோய்கள்

காய்ச்சல் மூன்று நாளில் போய்விடும். இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு போவதில்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மாதந்தோறும் மாத்திரை, அவ்வப்போது இரத்தப் பரிசோதனை என்று செலவு ஆயுள் முழுதும் தொடர்கிறது.

காப்புறுதி

2024-இல் மருத்துவச் செலவுப் பணவீக்கம் 15 விழுக்காட்டை எட்டியது. சந்தா திடீரென ஏறியதால், அந்த உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்து விதிக்குமாறு பேங்க் நெகாரா அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது.

நாம் செய்யக்கூடியவை

• அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குப் பொதுச் சிகிச்சை 1 ரிங்கிட். நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். காத்திருக்க வேண்டும், ஆனால் நீண்டகால மாத்திரைகளுக்கு இதுவே சிக்கனம்.

• 40 வயதைக் கடந்த எஸ்டிஆர் உதவி பெறுவோருக்கும் அவர்களின் துணைவருக்கும் பேகா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு.

• 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும். விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் பில்லையும் கேட்டு வாங்கலாம்.

காசுக்குப் பயந்து மாத்திரையைப் பாதியாக்குவது மட்டும் வேண்டாம். கட்டுப்பாட்டை இழந்த இனிப்புநீர் சிறுநீரகத்தைக் கெடுத்தால், வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அந்தச் செலவின் முன் மாத்திரைக் காசு மிகச் சிறியது.