மலை ஏற வேண்டிய புத்தகம்

கொழுந்து என்ற சொல் அச்சில் நான்கு எழுத்து. பிரெயிலில் எட்டுக் கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஆறு புள்ளிகளுக்கு இடம் உண்டு. இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. முதல் கட்டத்தில் 1, 3 ஆகிய புள்ளிகள் எழும்பி நின்றால் அது ககரம். அடுத்த கட்டத்தில் 1, 3, 4, 6 நின்றால் ஒகரம். இரண்டும் சேர்ந்து கொ. அடுத்து ழகரம், உகரம். பிறகு 4ஆம் புள்ளி மட்டும் ஒரு கட்டத்தில் தனியே நிற்கும். அடுத்து வரும் எழுத்து மெய் என்று முன்கூட்டியே விரலுக்குச் சொல்லும் புள்ளி அது. அதன் பின் நகரம், தகரம், மறுபடி உகரம்.

கண்ணால் தமிழ் படித்தவர்களுக்கு இதில் ஒரு வியப்பு உண்டு. அச்சில் ‘கொ’ என்று எழுதினால் ககரத்துக்கு முன்னே ஒரு கொம்பு, பின்னே ஒரு கால். வாய் முதலில் சொல்வது ககரம். கண் முதலில் காண்பதோ கொம்பு. முதலாம் தரத்துப் பிள்ளைகள் பலர் தடுமாறும் இடம் இது. பிரெயிலில் அந்தத் தடுமாற்றத்துக்கே இடமில்லை. எந்த வரிசையில் ஒலி வருகிறதோ அந்த வரிசையில் புள்ளி வரும். மலையில் கூடையோடு நிற்கும் தாய் ‘கொழுந்து’ என்று எப்படிச் சொல்கிறாளோ, அப்படியே பிள்ளையின் விரல் அதைப் படிக்கும்.

இந்த நேர்த்திக்கு ஒரு விலை இருக்கிறது: இடம். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு ஏறக்குறைய 6 மில்லிமீற்றர். வரிக்கு வரி 10 மில்லிமீற்றர். விரல் நுனியின் அளவுதான் இதைத் தீர்மானித்தது. பொடி எழுத்தில் அச்சிட்டுச் சுருக்க வழியில்லை. ஒரு பெரிய பிரெயில் தாளில் வரிக்கு 40 கட்டம், பக்கத்துக்கு 25 வரி என்று வைத்தால் மொத்தம் 1,000 கட்டம். தமிழ் எழுத்து ஒன்றுக்கு இரண்டு கட்டம் என்று கணக்கிட்டால் பக்கத்துக்கு 500 எழுத்துத்தான். தாளும் தடிப்பானது. அதனால் பாடசாலைப் பையில் அடங்கும் ஒரு வரலாற்றுப் பாடநூல் பிரெயிலில் பல தொகுதிகளாகப் பிரிந்து, ஓர் அலுமாரித் தட்டையே பிடித்துக்கொள்ளும்.

இந்தப் பருத்த புத்தகத்தின் பயணத்தைத்தான் சொல்ல வந்தேன். அது தொடங்கிய இடம் பிரான்சில் கூப்வ்ரே என்ற சிற்றூர். 1812இல் அங்கே குதிரைச் சேணம் தைக்கும் பட்டறையில் தகப்பனின் குத்தூசியை எடுத்து விளையாடிய மூன்று வயதுப் பையனின் கண்ணில் அது குத்தியது. சீழ் மற்றக் கண்ணுக்கும் பரவி இரண்டு கண்ணும் போயின. அந்த லூயி பிரெயில்தான் 1824இல், பதினைந்து வயதில், ஆறு புள்ளி எழுத்தை வகுத்தார். சார்ல்ஸ் பார்பியே உருவாக்கியிருந்த பன்னிரண்டு புள்ளி முறையை, ஒரே தொடுகையில் விரல் நுனிக்குள் அடங்கும்படி அவர் பாதியாகக் குறைத்தார். 1829இல் அந்த முறை நூலாக வந்தது. பிரான்ஸ் அதை முறைப்படி ஏற்றபோது அவர் இறந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது.

தமிழுக்கு அது வந்த வழியில் முக்கியமான ஊர் பாளையங்கோட்டை. ஆஸ்க்வித் என்ற ஆங்கிலேய மிஷனரிப் பெண் 1890இல் அங்கே பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார். தமிழ்ப் பிள்ளைகள் விரலால் படிக்கத் தொடங்கிய முதல் இடங்களுள் அதுவும் ஒன்று. அந்தக் காலத்தில்தான் திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் சீமைகளிலிருந்து ஆள்கட்டிகள் சனங்களை இலங்கையின் கண்டிச்சீமைக்குத் தோட்ட வேலைக்குக் கூட்டிவந்துகொண்டிருந்தார்கள். கோப்பிக் காடு அழிந்து தேயிலை தழைத்த காலம். பாளையங்கோட்டையில் செவிப்புலனற்ற பிள்ளைகளின் பள்ளியில் பணிசெய்த மேரி சப்மன் 1912இல் இலங்கைக்கு வந்து, செவிப்புலனற்ற, விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். இன்று இரத்மலானையில் இருக்கும் பாடசாலை அதுதான். நம் பாட்டன் பாட்டிகள் கடல் தாண்டிய தலைமுறையிலேயே அந்தப் பணியும் கடல் தாண்டியது. தொழிலாளி பதுளை மலைவரை ஏறினான். பிரெயில் கரையோரத்தில் நின்றுவிட்டது.

அந்த நாட்களில் இந்திய மொழிகளுக்குப் பிரெயில் முறைகள் ஊருக்கொன்றாக இருந்தன. ஒரு பள்ளியின் புத்தகம் இன்னொரு பள்ளிக்கு உதவாது. கலிப்பொலிப் போரில் 1915இல் பார்வையிழந்த நியூசிலாந்துக்காரர் குளுத்தா மெக்கென்சி, யுனெஸ்கோவின் ஆலோசகராக இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உழைத்தவர். 1951இல் பெய்ரூத்தில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு பாரதி பிரெயில் நிலைபெற்றது. மொழி எதுவானாலும் ஒலி ஒன்றானால் புள்ளியும் ஒன்று என்பதே அதன் அடிப்படை. சிங்களப் பிரெயிலும் பெரும்பாலும் இதே அடிப்படையில் அமைந்தது.

பதுளைத் தோட்டங்களுக்கு இது மிகப் பெரிய செய்தி என்று நான் நினைக்கிறேன். தமிழ்ப் பிரெயில் தெரிந்த ஆசிரியர் இல்லை என்பதுதான் தோட்டப் பாடசாலைகளைப் பற்றிப் பேசும்போது எப்போதும் சொல்லப்படும் காரணம். ஆனால் சிங்களப் பிரெயில் கற்பிக்கும் ஆசிரியரின் விரலுக்கு ககரமும் மகரமும் லகரமும் ஏற்கெனவே தெரியும். 1, 3 என்றால் இரண்டு மொழியிலும் க. 1, 2, 3 என்றால் இரண்டிலும் ல. தமிழ் பேசத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால், ழ, ற, ன போன்ற சிலவற்றை மட்டும் புதிதாகப் பழகிக்கொண்டு அவர் தமிழ்ப் பிள்ளைக்கும் எழுத்தறிவிக்கலாம். அச்சில் முற்றிலும் வேறாகத் தெரியும் இரண்டு எழுத்துகள் விரலுக்கு ஒரே குடும்பம்.

இன்றைக்கு ஒரு தமிழ்ப் பிரெயில் புத்தகம் எப்படி உருவாகிறது? பழைய வழி கையால் குத்துவது. சட்டத்தில் தாளைச் செருகி, வலமிருந்து இடமாக, எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி, எழுத்தாணியால் ஒவ்வொரு புள்ளியாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். அடுத்தது பேர்க்கின்ஸ் பிரெயிலர். ஆறு புள்ளிக்கு ஆறு விசை, நடுவில் இடைவெளிக்கு ஒன்று. 1951இல் அமெரிக்காவில் வெளிவந்த இந்த இயந்திரத்தை தமிழ்நாட்டின் வேலூர் மாவட்டத்துக் காட்பாடியில் வொர்த் அறக்கட்டளையின் தொழிலாளர்கள் செய்கிறார்கள். அவர்களில் பலர் தாங்களே மாற்றுத்திறனாளிகள். இயந்திரம் ஏறக்குறைய ஐந்து கிலோ நிறை. இரும்புச் சத்தத்தோடு புள்ளி விழும். ‘அம்மா’ என்று எழுத ஐந்து அழுத்தம்: அகரம், புள்ளி, மகரம், மறுபடி மகரம், ஆகாரம்.

மூன்றாவது வழி கணினி. தமிழ்க் கோப்பைக் கொடுத்தால் மென்பொருள் நொடியில் பிரெயிலாக மாற்றும். லிப்லூயி என்ற மென்பொருள் இதை இலவசமாகவே செய்கிறது. தமிழும் அதில் உண்டு. பிறகு புள்ளி அச்சு இயந்திரம் தாளின் இரண்டு பக்கமும் குத்தித் தள்ளும். ஆனால் இங்கேதான் நமக்கே உரிய ஒரு முட்டுக்கட்டை. இலங்கைத் தமிழ்ப் பதிப்பகங்களில் நெடுங்காலம் பாமினி போன்ற எழுத்துருக்களில்தான் தட்டச்சுச் செய்தார்கள். இன்னும் பலர் செய்கிறார்கள். திரையில் அது அழகான தமிழாகத் தெரியும். கணினிக்கோ அது ஆங்கில எழுத்துக் குவியல். அதை ஒருங்குறிக்கு மாற்றி, மாற்றத்தில் உடைந்த எழுத்துகளைத் திருத்தி, படங்களையும் அட்டவணைகளையும் சொல்லில் விளக்கி எழுதி, பிரெயில் தெரிந்த ஒருவர் விரலால் மெய்ப்புப் பார்த்து முடித்த பிறகே புத்தகம் பிறக்கும். இயந்திரத்தின் வேலை ஒரு நாள். மனிதரின் வேலை பல வாரம்.

பிறந்த புத்தகம் பதுளைக்குப் போக வழி இல்லையா? வழிகள் எல்லாம் திறந்தே கிடக்கின்றன. விழிப்புலனற்றோருக்கான நூல்களுக்குத் தபால் கட்டணம் அறவிடக் கூடாது என்பது உலகத் தபால் ஒன்றியத்தின் விதி. விமானத்தில் அனுப்பும் மேலதிகச் செலவு மட்டுமே விலக்கு. கொழும்புக் கோட்டையிலிருந்து இரவுத் தபால் ரயில் ஏறி, ஹட்டன், நானுஓயா, அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, தெமோதர என்று வளைந்து வந்தால் 1924இல் பாதை வந்து முடிந்த அதே பதுளை நிலையம். காப்புரிமைத் தடையைக் கடக்கவும் சட்டம் உண்டு. 2013இல் மராகேஷ் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை, விழிப்புலனற்றோருக்காக நூல்களைப் பிரெயிலாக்கவும் எல்லை கடந்து பரிமாறவும் இடம் தருகிறது. அதை முதன்முதலில் 2014இல் உறுதிசெய்த நாடு இந்தியா. 2016இல் இலங்கையும் சேர்ந்தது. பூந்தமல்லியில் இந்திய மத்திய அரசின் பிரெயில் அச்சகம் தமிழ் நூல்களை அச்சிடுகிறது. பாடத்திட்டம் வேறு என்பதால் அங்குள்ள பாடநூல் இங்கே உதவாது. ஆனால் சிறுவர் கதைக்கு ஏது பாடத்திட்டம்?

அப்படியானால் புத்தகம் எங்கே நிற்கிறது? பதுளை நிலையத்துக்கும் தோட்டத்து லய வீட்டுக்கும் நடுவில் நிற்கிறது என்பதே என் முடிவு. பதுளையிலிருந்து பசறைக்கு பஸ், அங்கிருந்து லுணுகலைப் பக்கமோ நமுனுகுலைப் பக்கமோ இன்னொரு பஸ், பிறகு தோட்டத்து ரோட்டில் முச்சக்கரவண்டி, கடைசியில் படி ஏறி நடை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று கணக்கிட்டுக் கட்டிய காம்பராவில் ஒரு குடும்பமே படுத்தெழும்போது, பல தொகுதிப் புத்தகத்தை எங்கே வைப்பது? ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் பாரத்தில் புள்ளி அமுங்கும். பிரெயில் நூல் நிமிர்ந்தே நிற்க வேண்டும். மழைக்கு ஒழுகும் தகரத்தின் கீழ் ஈரம் பட்டால் தாள் தளர்ந்து புள்ளி கரையும். கரைந்த புள்ளி அழிந்த எழுத்து. லகரத்தில் 2ஆம் புள்ளி தேய்ந்தால் விரலுக்கு அது ககரம். பலம் என்ற சொல் பகம் ஆகிவிடும்.

அதனால் இத்தனை காலமும் நாம் செய்துவந்தது தலைகீழான காரியம். புத்தகத்தை மலை ஏற்றாமல் பிள்ளையை மலை இறக்கினோம். தமிழ் வழியில் படிக்கும் விழிப்புலனற்ற பிள்ளைக்குக் கைதடியில் 1950களில் தொடங்கிய நவீல்ட் பாடசாலை இருக்கிறது. மட்டக்களப்பில் தரிசனம் பாடசாலை இருக்கிறது. இரண்டும் பெரிய பணி செய்கிற இடங்கள். அவற்றால் வாழ்க்கை பெற்றவர்கள் பலர். ஆனால் பதுளை இருக்கும் ஊவாவிலிருந்து பாருங்கள். கைதடிக்குப் போக நாட்டின் மறு முனைக்குப் போக வேண்டும். மட்டக்களப்புக்குச் செங்கலடி வீதியில் பிபிலை, மகாஓயா தாண்டிப் போக வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு வந்த தாய், பார்க்கப் போவதென்றால் நாட்கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டும். பஸ் காசும் தேட வேண்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாதவளுக்கு அன்றைக்குப் பேர் விழாது. அவள் பிள்ளையை அனுப்பத் தயங்கினால் அறியாமை என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவது அநியாயம். தயங்கிய வீட்டில் பிள்ளை அம்மாயியோடு வாசலில் உட்கார்ந்து வளர்கிறது. தம்பியும் தங்கையும் பாடசாலைக்குப் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வளர்கிறது.

இலங்கையில் இலவசப் பாடநூல் திட்டம் 1980இல் தொடங்கியது. ஆண்டுத் தொடக்கத்தில் புதுப் புத்தகத்தை மூக்கில் வைத்து மணக்காத பிள்ளை மலையகத்தில் உண்டா? அந்த உரிமை கண் பார்வையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட சலுகை அல்ல. இயலாமை உடையவர்களின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நாட்டில் இருக்கிறது. 2016இல் அதே உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையையும் இலங்கை உறுதிசெய்தது. தம்பி கையில் தமிழ்ப் பாடநூல் இருக்கும் அதே ஜனவரியில் அக்காள் கையிலும் அதே நூல் பிரெயிலில் இருக்க வேண்டும். பாதி ஆண்டு போன பின் கிடைக்கும் நூல் போன பாடத்துக்கு உதவாது. 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. சாதாரணத் தாளுக்கே அந்த நிலை என்றால், தடித்த பிரெயில் தாளைப் பற்றி யார் அன்று நினைத்திருப்பார்கள்?

எல்லாத் தோட்டத்துக்கும் அச்சகம் வேண்டாம். பதுளை நகரில், ஒரு தமிழ்ப் பாடசாலையின் நூலகத்தில், ஒரு சிறிய புள்ளி அச்சு இயந்திரமும் ஒரு கணினியும் பிரெயில் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும் என்று நான் நம்புகிறேன். பாடம் நடக்கும் வாரத்துக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் அங்கே அச்சிட்டு அனுப்பலாம். முப்பது பக்கம் என்றால் பையில் போகும். லயத்தில் வைக்க அலுமாரி வேண்டாம். நனைந்தால் மறுபடி அச்சிடலாம். கோப்பு ஒன்றுதான், அதற்கு நிறை இல்லை, மலை ஏற பஸ்ஸும் வேண்டாம்.

ஊவாத் தோட்டங்களில் வேலை செய்கிற நலன்புரி உத்தியோகத்தர்களும் பிள்ளை நிலையப் பொறுப்பாளர்களும் இதை வாசித்தால் ஒன்று கேட்கிறேன். பார்வை குறைந்த பிள்ளை ஒன்று உங்கள் கண்ணில் பட்டால், முதலில் கண் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். பார்வை திரும்பாது என்று தெரிந்தால் பாடசாலை வயது வரும்வரை காத்திருக்காமல் வலயக் கல்வி அலுவலகத்தின் விசேட கல்விப் பிரிவுக்குப் பிள்ளையைத் தெரியப்படுத்துங்கள். எண்ணிக்கையில் சேராத பிள்ளைக்கு எவரும் புத்தகம் அச்சிட மாட்டார்கள்.

மலையகத்து எழுத்தாளர்களிடமும் பதிப்பாளர்களிடமும் கேட்பது இன்னும் சிறியது. உங்கள் அடுத்த சிறுவர் நூலை ஒருங்குறியில் தட்டச்சுச் செய்யுங்கள். அச்சுக்குப் போன பிறகு கோப்பை அழித்துவிடாதீர்கள். பிரெயிலுக்கென்று யாராவது கேட்டு வந்தால், அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.