தாத்தா பெட்டியில் ஒரு குட்டிப் புத்தகம்

என்னோட வேலை பார்த்த அமெரிக்க நண்பர் ஒருத்தர். அவரோட தாத்தா 1950-களில் குடும்பத்தோட ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர். ரிட்டையர் ஆனதும் மனுஷனுக்கு வம்சாவளி தேடுற ஆசை வந்துடுச்சு. காலேஜில் கொஞ்சம் ஜெர்மன் படிச்ச பாவத்துக்கு என்னையும் இழுத்து விட்டார் :-)

இறங்கின பிறகுதான் ஆழம் தெரிஞ்சுது. "ஜெர்மனி"ன்னு சொன்னா அங்கே ஒண்ணும் கிடைக்காது, ஊர்ப் பெயர் வேணும். அந்த நாடு ஒரே பேரரசானதே 1871-இல்தான். பிறப்பு, திருமணம், இறப்பை அரசு அலுவலகத்தில் பதியும் முறை நாடு முழுக்க வந்தது 1876 ஜனவரி 1 முதல். அதுக்கு முந்தி எல்லாமே சர்ச் பதிவேடுகள்தான். 1563-இல் ட்ரென்ட் நகரில் கூடிய கத்தோலிக்கப் பேரவை, ஒவ்வொரு பங்கிலும் திருமணப் பதிவேடு வைக்கணும்னு விதி போட்டது. லுத்தரன் ஊர்கள் சிலவற்றில் அதற்கு முன்பே இருந்தன. முப்பதாண்டுப் போரில் (1618–1648) நிறைய எரிந்து போச்சு.

கிடைச்சதையும் படிக்கணுமே! 'குர்ரென்ட்' என்கிற பழைய கையெழுத்து. அதில் 'இ' எழுத்து பார்க்க 'என்' மாதிரியே இருக்கும். அப்புறம் பெயர்கள். ஒரே வீட்டில் நாலு யோஹான். முதல் பெயர் ஞானஸ்நானத்துக்கு, ரெண்டாவதுதான் கூப்பிடுற பெயர். ஒரு குழந்தை இறந்தா அடுத்த குழந்தைக்கும் அதே பெயரை வெச்சுடுவாங்க.

இப்படி மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தப்பதான் நண்பர் ஃபோன் பண்ணினார். "தாத்தா பெட்டியில் ஒரு புத்தகம் கிடைச்சிருக்கு. 1810-கள் வரைக்கும் எல்லாப் பெயரும் இருக்கு. வேலை முடிஞ்சுது!"

போய்ப் பார்த்தேன். அழகான கையெழுத்து. ஒவ்வொரு பெயருக்கும் பிறந்த தேதி, ஊர், மதம். கீழே முத்திரை, பாதிரியாரோ பதிவாளரோ போட்ட கையெழுத்து. அட்டையில் 'ஆனென்பாஸ்'. மூதாதையர் பாஸ்போர்ட்னு சொல்லலாம்.

எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

1933 ஏப்ரல் 7-இல் ஹிட்லர் அரசு ஒரு சட்டம் போட்டது. 'ஆரியர்' அல்லாதவர்களுக்கு அரசு வேலை கிடையாது. தாத்தா பாட்டி நால்வரில் ஒருத்தர் யூதர் என்றாலே போதும், நீங்க 'ஆரியர்' இல்லை. 1935-இல் நியூரம்பெர்க் சட்டங்கள். மூணு பேர் யூதர் என்றால் நீங்க முழு யூதர். வாத்தியார், குமாஸ்தா, டாக்டர் எல்லாரும் சர்ச் வாசலில் நின்னாங்க, பழைய பதிவேட்டிலிருந்து நகல் வாங்க. எஸ்.எஸ். அதிகாரி ஆகணும்னா 1750 வரைக்கும் காட்டணும்.

இதில் ஒரு கேலிக்கூத்து பாருங்க. ரத்தம், இனம்னு அவ்வளவு பேசினவங்க கையில் இருந்த அத்தாட்சி, பாட்டி எந்த மதத்துப் பதிவேட்டில் இருக்காங்க என்பது மட்டும்தான். பெர்லினில் 1936-இல் சபையே ஒரு அலுவலகம் திறந்து, ஞானஸ்நானப் பதிவுகளிலிருந்து மதம் மாறிய யூதர்களைத் தனி அட்டைகளாகப் பிரிச்சு எடுத்துக் கொடுத்தது. நூறு வருஷம் முந்தி யாரோ ஒரு பாதிரியார் நல்ல மனசோட எழுதின ஒரு வரி, பேரப்பிள்ளைகளுக்கு எமனா வந்து நின்னுது.

இன்னொண்ணும் சொல்லணும். யூத சமூகங்களின் பதிவேடுகளையும் அந்த அரசு பறிமுதல் பண்ணி, போரின் கடைசிக் கட்டத்தில் படச்சுருள்களில் எடுத்தது. மூல ஏடுகளில் பெரும்பாலானவை காணாமல் போயாச்சு. தப்பிப் பிழைச்ச குடும்பங்களின் வாரிசுகள் இன்னிக்கு வேர் தேடுறது அந்தப் படச்சுருள்களில்தான்.

நண்பரிடம் மெதுவா விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் கேட்டார், "அப்போ தாத்தா அவங்க ஆளா?"

இந்தப் புத்தகத்தை வெச்சு அப்படிச் சொல்ல முடியாது, சாதாரண வேலைக்காரங்களும் வாங்கி வெச்சிருந்தாங்கன்னு சொன்னேன். நாஜிக் கட்சியின் உறுப்பினர் அட்டைகள் பெர்லினில், ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தில் இருக்கு. 1994 வரை அமெரிக்கர்கள் பொறுப்பில் இருந்தவை. எழுதிக் கேட்டா தேடிப் பார்த்துச் சொல்வாங்க.

விண்ணப்பத்தை நான்தான் பூர்த்தி செஞ்சு கொடுத்தேன். கையெழுத்தும் போட்டுட்டார். மேஜை மேல அப்படியே இருக்கு. இன்னும் அனுப்பலை.

நானும் கேட்கலை.