மண்ணுள் மறைந்த செம்பு

தோண்டாமலே நிலத்தடி உலோகத்தை அறிவது எங்ஙனம், நேயர்களே? மாறுமின்னோட்டம் பாயும் கம்பிச்சுருள் காந்தப்புலத்தை எழுப்பும்; அப்புலம் புதைந்துள்ள தாதுவில் மின்னோட்டத்தைத் தூண்டும்; அதனால் எழும் புதுப்புலத்தை மற்றொரு சுருள் உணரும். இதுவே மின்காந்த முறை.

வானிலிருந்தும் இம்முறையைக் கையாண்டனர். கனடாவின் டிம்மின்ஸ் நகருக்கருகே அவ்வாறு குறிப்புக் கிட்டிய ஓரிடத்தில், 1963 நவம்பரில் டெக்சாஸ் கல்ஃப் சல்ஃபர் நிறுவனம் துளையிட்டது. செம்பும் துத்தநாகமும் மிகுதியாகத் தென்பட்டன. அண்டை நிலங்களை வாங்கும்வரை செய்தி மறைக்கப்பட்டது. அதற்குள் நிறுவனத்தார் சிலர் பங்குகளை வாங்கிக் குவித்தனர், உண்மையறியாதோர் விற்றனர். 1964 ஏப்ரலில்தான் உலகறிந்தது.

நிலம் பொருட்டு மௌனம் காத்தல் தகும். மௌனத்தில் பங்கு வாங்குதல் தகாது என்று 1968-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மண்ணை ஆராயும் கருவி மனத்தை ஆராயாதன்றோ!