கடாரத்து வயல்மீன்

சோழர் கடாரம் என்றழைத்த கெடா, மலேசியாவின் நெற்களஞ்சியம் எனப் போற்றப்படுகிறது. அலோர் ஸ்டாரைச் சூழ்ந்த அந்நெல்வயல்கள் ஒருகாலத்தில் மீன்வயல்களாகவும் விளங்கின என்பதைப் பலர் அறியார்.

மழையை நம்பி ஆண்டுக்கு ஒருபோகம் விளைந்த காலத்தில், வயல்களில் பல திங்கள் நீர் நின்றது. வாய்க்கால் வழியே வந்த விரால், கெளுத்தி, பனையேறிக்கெண்டை, மலாய்க்காரர் செப்பாட் சயாம் என்னும் மீன் ஆகியவை அங்கே பெருகின. அறுவடை நெருங்கி நீர் வற்றும்போது, வயலின் தாழ்ந்த மூலையில் வெட்டிய குழியில் அவை ஒதுங்கும். குடியானவருக்கு அவை கறியும் ஆயின, கைப்பொருளும் ஆயின.

1970-இல் மூடா நீர்ப்பாசனத் திட்டத்தின் நீர் வயலுக்கு வந்தது. மூடா, பெடு அணைகளின் துணையால் கெடாவிலும் பெர்லிசிலும் ஏறத்தாழ 96,000 ஹெக்டேர் நிலம் படிப்படியாக இருபோகம் கண்டது. நெல் பெருகியது, மீன் அருகியது. காரணம் இரண்டு. ஆண்டுக்கு இருமுறை வயலை வடித்தமையால் மீன் வளரக் காலம் போதவில்லை. பயிருக்குத் தெளித்த பூச்சிமருந்து குழிநீரிலும் கலந்தது.

இம்மீன்கள் உயிர்வளி குன்றிய சேற்றுநீரிலும் காற்றை நேரே சுவாசித்து வாழ வல்லவை. வறட்சியைத் தாங்க இயற்கை அவற்றுக்கு உறுப்பளித்தது. நஞ்சைத் தாங்க அளிக்கவில்லை. விளைந்த நெல்லைக் கணக்கிடுவோர் இழந்த மீனையும் அக்கணக்கில் சேர்த்தலே முறையாகும்.