செல்ஃப் எடுக்காத ஒரு ராத்திரியும் கொஞ்சம் பேட்டரி வரலாறும்

 இது ரொம்ப நாளா எழுத நினைச்ச விஷயம். முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

2020 ஜூன். மார்ச் 25-ல் ஆரம்பிச்ச ஊரடங்கை, சென்னையிலும் சுத்துப்பட்டிலும் ஜூன் 19-லேர்ந்து மறுபடி இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க. எங்க வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டை. ராத்திரி ஒன்றரை மணிக்கு அப்பா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார். ஆம்புலன்ஸ் வர நேரமாகும்னாங்க. வாசல்ல எங்க வேகன் ஆர். சாவியைத் திருகினேன். 'டிக்'. மறுபடி திருகினேன். 'டிக்'. டேஷ்போர்டு விளக்கு மங்கி அணைஞ்சே போச்சு. பக்கத்து வீட்டுப் பசங்க வந்து தெருக்கோடி வரைக்கும் தள்ளினாங்க. ம்ஹூம். தள்ளினா எடுக்கற காலமெல்லாம் கார்புரேட்டரோட போயாச்சு. இப்போ பெட்ரோல் பம்புக்கும் உள்ளே இருக்கற கம்ப்யூட்டருக்கும் கரண்ட் வேணும். பேட்டரி மொத்தமா செத்திருந்தா தள்ளறவங்களுக்கு வேர்க்கறதுதான் மிச்சம்.

(அப்பா இப்போ நல்லா இருக்கார். அதனாலதான் இவ்ளோ சாவகாசமா எழுத முடியுது.)

எனக்கு ஆறாத விஷயம் என்னன்னா, அந்த மூணு மாசமும் அப்பா ஞாயித்துக்கிழமை தவறாம வண்டியை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வெச்சிருந்தார். அப்படியும் ஏன் செத்துச்சு? இதைத் தேடப் போய்த்தான் இந்த வரலாறெல்லாம் கிடைச்சுது.

ராயபுரம் ஸ்டேஷன்லேர்ந்து முதல் ரயில் கிளம்பினது 1856-ல். அதுக்கு மூணு வருஷம் கழிச்சு 1859-ல், பிரான்ஸ்ல காஸ்டன் பிளான்டேங்கறவர் ரெண்டு ஈயத் தகடை கந்தக அமிலத்துல முக்கி, திரும்பத் திரும்ப சார்ஜ் ஏத்தக்கூடிய பேட்டரியைச் செஞ்சார். இன்னிக்கு நம்ம பானெட்டுக்குக் கீழே இருக்கறதும் அதே ஈயம், அதே அமிலம்தான். ஆனா கார் வந்து ரொம்ப காலம் வரைக்கும் எஞ்சினைக் கிளப்பற வேலை பேட்டரிக்கு இல்லை. ஹேண்டில் போட்டுக் கையால சுத்தணும். எஞ்சின் திருப்பி உதைச்சா மணிக்கட்டு காலி. 1912-ல் காடிலாக் கார்ல சார்லஸ் கெட்டரிங் செஞ்ச மின்சார ஸ்டார்ட்டர் வந்தப்புறம்தான் கார் பேட்டரியை நம்பிப் பிழைக்க ஆரம்பிச்சுது.

இப்போ எங்க ஏரியாவுக்கு வரேன். 1948-ல் ஆரம்பிச்ச அசோக் மோட்டார்ஸ், மறு வருஷமே எண்ணூர்ல ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்ட ஆரம்பிச்சுது. 1955-ல் அதுவே அசோக் லேலண்ட் ஆச்சு. அதே 1955-ல்தான் என்ஃபீல்டு இந்தியா. அதோட திருவொற்றியூர் ஃபேக்டரியில எங்க தாத்தா ஃபிட்டர். 1961-ல் லூகாஸ்-டிவிஎஸ் வந்து, பாடியில ஸ்டார்ட்டர் மோட்டாரும் டைனமோவும் செய்ய ஆரம்பிச்சாங்க. ஆக வண்டி, ஸ்டார்ட்டர், டைனமோ எல்லாமே வட சென்னைச் சரக்கு. இந்த ஊர்ல பொறந்துட்டு ஜம்பர் கேபிளுக்கு எது பிளஸ்ஸுன்னு முழிச்ச இஞ்சினியர் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன் :-)

தாத்தா காலத்து புல்லட்ல ஹெட்லைட்டுக்கு மேலே குட்டியா ஒரு அம்மீட்டர் இருக்கும். "இந்தப் பக்கம் சாஞ்சா வரவு, அந்தப் பக்கம் சாஞ்சா செலவு"ன்னு சொல்லித் தருவார். டைனமோ வெச்ச பழைய கார்ல எஞ்சின் மெதுவா ஓடினா சார்ஜே ஏறாது. முள்ளையோ சிவப்பு விளக்கையோ பார்த்தே டிரைவருக்குத் தெரிஞ்சுடும். பேட்டரியில மாசம் ஒரு தடவை மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊத்தணும். ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சினா 1.26, 1.28-ன்னு காட்டும்; இறங்கியிருந்தா கடையில கொடுத்து ராத்திரி முழுக்க சார்ஜ் போடணும். தொல்லைதான். ஆனா பேட்டரி சாகறதுக்கு முன்னாடியே சொல்லிடும்.

அப்புறம் ரெண்டு மாறுதல் வந்துச்சு. ஒண்ணு ஆல்டர்னேட்டர். 1960-ல் அமெரிக்காவுல கிரைஸ்லர் தன்னோட வேலியன்ட் கார்ல போட்டது, மெதுவா இங்கேயும் வந்து சேர்ந்துச்சு. இது எஞ்சின் சும்மா ஓடும்போதும் கொஞ்சம் சார்ஜ் ஏத்தும். இன்னொண்ணு, மூடியே திறக்க வேண்டாத பேட்டரி. 2000-ல் அமரான் வந்தப்போ 'பராமரிப்பே வேண்டாம்'ங்கறதுதான் விளம்பரமே. வண்டியிலேர்ந்து அம்மீட்டரும் போயிடுச்சு. தாத்தா பார்த்த வரவு செலவை அப்பா பார்க்க வழியே இல்லை.

சரி, அந்தக் கணக்கை நானே போட்டேன். பழைய காரை நிறுத்தினா மணிகாட்டி ஓடினா உண்டு. இப்போ அலாரம், சென்ட்ரல் லாக், கம்ப்யூட்டர் எல்லாம் தூங்கிக்கிட்டே குடிக்குது. 20 மில்லி ஆம்பியர்னு வெச்சாலும் வாரத்துக்கு 3.4 ஆம்பியர்-மணி செலவு. அப்பா அஞ்சு நிமிஷம் ஓட விட்டதுல 10 ஆம்பியர் உள்ளே போயிருந்தா வரவு 0.8. வாரா வாரம் துண்டு 2.6. பன்னிரண்டு வாரத்துல 30 ஆம்பியர்-மணி அவுட். சின்ன கார் பேட்டரியோட மொத்தக் கொள்ளளவே 35! இதுல வெயில் கணக்கு தனி. பத்து டிகிரி ஏறினா பேட்டரி தானா இறங்கற வேகம் சுமார் ரெண்டு மடங்காகும். பாதி சார்ஜ்ல கிடந்தா தகட்டுல ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, அப்புறம் சார்ஜ் போட்டாலும் முழுசா ஏறாது.

கார் கம்பெனிக்காரங்களுக்கு இது நல்லாவே தெரியும். நிலக்கரி இறக்கறதுக்காக 2001-ல் திறந்த எண்ணூர் துறைமுகத்துல (2014-லேர்ந்து காமராஜர் துறைமுகம்) 2010-ல் நிஸான் கார்களும் கப்பலேற ஆரம்பிச்சுது. யார்டுலயும் கப்பல்லயும் கார் வாரக்கணக்கா சும்மா நிக்கும். அதனால நிஸானோட பல மாடல்கள்ல ஃபியூஸ் பெட்டியில ஒரு ஸ்விட்ச் வெச்சு, ஃபேக்டரியிலேயே அணைச்சு அனுப்பறாங்க. வண்டியை டெலிவரி கொடுக்கும்போது ஷோரூம்ல அழுத்தி விடுவாங்க. சும்மா நிக்கற கார் பேட்டரியைக் குடிக்கும்னு எங்க வீட்டுக்கு வடக்கே ஒரு ஊருக்கே தெரிஞ்சிருக்கு, எங்க தெருவுக்குத் தெரியல.

அந்த ராத்திரிக்கு வரேன். ஊரே அடங்கிக் கிடந்தாலும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல துறைமுக டிரெய்லருங்க வரிசை மட்டும் குறையல. ஒரு வண்டியிலேர்ந்து டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, செல்ஃப் எடுக்கலியா?"

விஷயத்தைச் சொன்னதும் கேபிளோட இறங்கிட்டார். நான் அவசரத்துல அவர் பேட்டரியில கண்ணுக்குத் தெரிஞ்ச ரெண்டு முனையிலும் கிளிப்பை மாட்டப் போனேன். கையைத் தட்டி விட்டார். "இர்ப்பா! இது இருவத்திநாலு வோல்ட்டு. அப்டியே குட்த்தா உன் வண்டி கம்ப்யூட்டரு பொகஞ்சிரும்." பெரிய டீசல் எஞ்சினைச் சுத்த பவர் அதிகம் வேணும்ங்கறதால லாரியில ரெண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடரா இணைச்சிருப்பாங்க. அவர் அதுல பாடி எர்த் பக்கம் இருந்த ஒத்தைப் பேட்டரியிலேர்ந்து மட்டும் எடுத்துக் கொடுத்தார். மூணாவது நிமிஷம் வண்டி எடுத்துடுச்சு. அவர் பேரைக்கூட கேக்கல. ரெண்டே காலுக்கு ஆஸ்பத்திரி, மறுநாள் ஒரு ஸ்டென்ட்.

இப்போ ஒரு வாரத்துக்கு மேல வண்டி நிக்கும்னா 10 எம்எம் ஸ்பேனரால மைனஸ் டெர்மினலைக் கழட்டி வெச்சுடறேன். மைனஸைத்தான் முதல்ல கழட்டணும். பிளஸ்ல கை வெச்சு ஸ்பேனர் பாடியில பட்டா தீபாவளிதான். மல்டிமீட்டர் ஒண்ணும் வாங்கியாச்சு: 12.6 இருந்தா ஃபுல், 12.2-ன்னா பாதி, உடனே சார்ஜர் மாட்டணும்.

அதை அப்பா என்கிட்டேர்ந்து பிடுங்கிக்கிட்டார். ஞாயித்துக்கிழமை காலையில முள் இல்லாத அம்மீட்டர்னு அதைத் திட்டிக்கிட்டே அளந்து பார்ப்பார். அப்புறம் நாங்க ரெண்டு பேரும் பழவேற்காடு வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போய் இறால் வாங்கிட்டு வருவோம். போன வாரம் கிளம்பும்போது 12.5, திரும்பி வந்து ராத்திரி பார்த்தப்போ 12.7.