ஒலி மாறும் உரிமை: ராக் இசை வரலாற்றில் கறுப்பர்கள்



நினைவுப் பேருரையில் இந்த ஆண்டு ராக் இசையைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தபோது நம் அரங்கிலேயே சிலர் தயங்கினார்கள். அமெரிக்காவில் யாரோ கிட்டார் வாசிப்பதற்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே தொடங்குவோம்.

1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்கள், அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து தம் பெயரை எடுத்துக்கொண்டார்கள். கறுப்பர்களின் போராட்டத்தை நாம் படித்தோம். அவர்களின் கவிதையையும் தன்வரலாறுகளையும் மொழிபெயர்த்தோம். ஜாஸையும் ப்ளூஸையும் ஓரளவு அறிந்தோம். ஆனால் ராக் என்றதும் அது வெள்ளையர் இசை என்று ஒதுக்கிவைத்தோம். அப்படி நம்பும்படி அந்த வரலாறு எழுதப்பட்டிருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. நம் தெருக்களில் இளைஞர்கள் கிட்டார் எடுக்கிறார்கள், ராப் பாடுகிறார்கள், கணினியில் ஒலி சேர்க்கிறார்கள். அவர்களைப் பார்த்து, "உங்களுக்குத்தான் பறை இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி அன்போடும் கேட்கப்படுகிறது. அதுதான் நம்மைத் தொந்தரவு செய்கிறது. ஓர் இசைக்குழு ஒரு ஆல்பத்திலிருந்து அடுத்த ஆல்பத்துக்குப் போகும்போது தன் ஒலியை மாற்றிக்கொள்வது எல்லா ஊரிலும் நடப்பது. அந்த மாற்றம் யாருக்கு வளர்ச்சி என்று எழுதப்படுகிறது, யாருக்குத் தடம் மாறல் என்று எழுதப்படுகிறது என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

1. இரண்டு பட்டியல்கள்

1920இல் மேமி ஸ்மித் பாடிய 'கிரேஸி ப்ளூஸ்' இசைத்தட்டு பெரும் விற்பனை கண்டது. கறுப்பர்களும் இசைத்தட்டு வாங்குவார்கள் என்று நிறுவனங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே அவர்களுக்கென்று 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' எனத் தனிப் பட்டியல் போட்டார்கள். தெற்கத்திய ஏழை வெள்ளையரின் பாட்டுக்கு 'ஹில்பில்லி' என்று இன்னொரு பட்டியல். ஒரே வட்டாரத்தில் வாழ்ந்து, ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டு, ஒரே மெட்டை வாசித்துவந்த கலைஞர்களைத் தோலின் நிறம் பார்த்து இரண்டு அட்டவணைகளில் போட்டார்கள். 1949இல் 'பில்போர்டு' பத்திரிகை 'ரேஸ்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று வைத்தது. பெயர் நாகரிகமானது, தனிப் பட்டியல் அப்படியே இருந்தது. ஊரும் சேரியும் என்ற ஏற்பாட்டை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பட்டியலுக்குள் அடைபட்டவர்களில் ஒருவர் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். 1915இல் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்தவர். தேவாலயப் பாட்டைப் பாடிக்கொண்டே மின்கிட்டாரை அதிரவைத்தவர். 1944இல் அவர் பதிவுசெய்த பாட்டு ஒன்றை ராக் அண்ட் ரோலின் தொடக்கங்களில் ஒன்றாக இன்று பலர் சொல்கிறார்கள். 1973இல் இறந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லை. ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2018இல். 'ஹவுண்ட் டாக்' பாட்டை 1952இல் முதலில் பதிவுசெய்தவர் பிக் மாமா தார்ன்டன். 1956இல் எல்விஸ் பிரெஸ்லி பாடிய பிறகு அது எல்விஸின் பாட்டு என்றே உலகம் அறிந்தது.

2. 'இண்டி' என்ற சொல்

'இண்டி ராக்' என்ற பெயரில் உள்ள 'இண்டி', சுதந்திரம் என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். முதலில் அது பொருளாதாரம் பற்றிய சொல். 1977 ஜனவரியில் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு, கடன் வாங்கிய பணத்தில் நான்கு பாட்டுகளைப் பதிவுசெய்து, தன் சொந்த நிறுவனப் பெயரிலேயே வெளியிட்டது. பெருநிறுவனத்தின் வாசலில் நிற்காமல் நாமே போடலாம் என்ற துணிவு பலருக்கு அதிலிருந்து வந்தது. 1980இல் பிரிட்டனில், பெருநிறுவனங்களின் விநியோகத்தைச் சாராத இசைத்தட்டுகளுக்கென்றே விற்பனைப் பட்டியல் தொடங்கப்பட்டது.

சிறுபத்திரிகை நடத்திய நம் முன்னோடிகளுக்கு இது பழகிய கதை. கடன் வாங்கி அச்சடித்து, பையில் சுமந்து, கூட்டத்தில் விற்ற கதை.

ஆனால் காலப்போக்கில் சொல்லின் பொருள் நகர்ந்தது. யார் வெளியிட்டார்கள் என்பதைக் குறித்த சொல், எப்படி ஒலிக்கிறது என்பதைக் குறிக்கத் தொடங்கியது. பிறகு அந்த ஒலியோடு ஓர் ஆளும் சேர்ந்துகொண்டார்: கல்லூரி படித்த, கிட்டார் பிடித்த வெள்ளை இளைஞர். சொந்தமாக வெளியிட்ட கறுப்பர்கள் எத்தனையோ பேர் இருந்தும், 'இண்டி' என்றதும் நினைவுக்கு வரும் முகம் அவர்களுடையதாக இல்லாமல் போனது.

3. பரணில் இருந்த ஆல்பம்

டெட்ராய்ட் நகரில் டேவிட், பாபி, டானிஸ் ஹாக்னி என்று மூன்று சகோதரர்கள். 1971இல் குழு தொடங்கியபோது ஃபங்க் வாசித்தார்கள். பிறகு 'தி ஹூ' குழுவின் நிகழ்ச்சியைப் பார்த்த டேவிட், நாம் ராக் வாசிப்போம் என்றார். ஒலி வேகமாகவும் கடுமையாகவும் மாறியது. மோட்டவுன் இசை பிறந்த ஊர் அது. கறுப்பின இளைஞர்கள் சோல் பாடுவார்கள், ஃபங்க் வாசிப்பார்கள் என்பது அங்கே எழுதாத விதி. சொந்தத் தெருவிலேயே, வெள்ளைக்காரன் பாட்டை ஏன் வாசிக்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

தந்தை விபத்தில் இறந்தபின் டேவிட் குழுவுக்கு 'டெத்' என்று பெயர் வைத்தார். சாவை அஞ்சாமல் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1975இல் ஏழு பாட்டுகளைப் பதிவுசெய்தார்கள். பெயரை மாற்றினால் ஒப்பந்தம் என்றார் இசை நிறுவனத் தலைவர் கிளைவ் டேவிஸ். மாட்டோம் என்றார்கள். 1976இல் தாங்களே 500 பிரதிகள் ஒற்றை இசைத்தட்டாகப் போட்டார்கள். யாரும் கவனிக்கவில்லை. பின்னர் வெர்மான்ட் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, வேறு பெயரில் பக்தி ராக் ஆல்பங்கள் இரண்டு வெளியிட்டார்கள். டேவிட் ஊர் திரும்பிய பிறகு தம்பிகள் இருவரும் ரெகே குழு தொடங்கினார்கள். ஃபங்க், ராக், பக்தி ராக், ரெகே என்று மூன்று முறை மாறிய ஒலி அது. இவ்வளவு நீண்ட பயணத்தைப் பற்றி எழுத அப்போது ஒரு விமர்சகர்கூட வரவில்லை.

2000இல் டேவிட் புற்றுநோயால் இறந்தார். அதற்கு முன் தம்பியிடம் ஒலிநாடாக்களைக் கொடுத்து, உலகம் ஒரு நாள் இவற்றைத் தேடி வரும், பத்திரமாக வை என்றார். அவை பாபியின் வீட்டுப் பரணில் கிடந்தன. அந்த 500 பிரதிகளில் மிஞ்சியவை சேகரிப்பாளர்கள் கையில் சுற்றி, இணையத்திலும் பரவின. அதைக் கேட்ட பாபியின் மகன், இது அப்பாவின் குரல் என்று கண்டுகொண்டார். வீட்டில் பிள்ளைகளுக்கே அதுவரை தெரியாது. 2009இல் சிகாகோவின் டிராக் சிட்டி என்ற சிறுநிறுவனம் அந்த ஏழு பாட்டுகளையும் ஆல்பமாக வெளியிட்டது. பங்க் ராக் கதையை 1976இல் வந்த ரமோன்ஸின் முதல் ஆல்பத்திலிருந்து சொல்லிவந்தவர்கள், அதற்கு ஓராண்டு முந்தைய இந்தப் பதிவைக் கேட்டுத் திகைத்தார்கள்.

நாடா பரணில் கெட்டுப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கறுப்பர்கள் பங்க் வாசிக்கவில்லை என்ற பொய், ஆதாரமுள்ள வரலாறாகவே நின்றிருக்கும்.

4. மாறியவர்களும் மாறாதவையும்

வாஷிங்டன் நகரின் பேட் பிரெய்ன்ஸ் குழு ஜாஸ் ஃப்யூஷனில் தொடங்கி, 1977 வாக்கில் பங்க் பக்கம் திரும்பியது. பிறகு ரெகேயையும் சேர்த்துக்கொண்டது. 1982இல் அவர்களின் முதல் ஆல்பம் கேசட்டாக மட்டுமே வந்தது. ஜாஸில் தேர்ந்த விரல்கள் பங்க்கை வாசித்ததால், அந்த வேகத்திலும் ஒரு சுரம் தவறவில்லை. 'ஹார்ட்கோர்' என்று பின்னால் அழைக்கப்பட்ட இசைக்கு அவர்களே முன்னோடி என்பதை அவ்வூர் வெள்ளை இளைஞர்களே ஒப்புக்கொண்டார்கள்.

இங்கே ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். அதே குழுவினரிடமிருந்து தன்பாலின ஈர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் பேச்சும் வந்தது. அது சக இசைக்குழுக்களைக் காயப்படுத்தியது. பின்னாளில் அதற்காக வருந்தியவர்களும் அவர்களிடையே உண்டு. ஒடுக்கப்பட்டவர் என்பதால் ஒருவர் பிறரை ஒடுக்கமாட்டார் என்று ஆகிவிடாது. அண்ணல் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையைப் படித்த நாம் இதை மறைத்து வரலாறு எழுதக் கூடாது.

5. யாருக்கு வளர்ச்சி

அண்மைக்கால ஆல்பங்களுக்கு வருவோம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த நால்வர் சேர்ந்த வேம்பையர் வீக்எண்ட் குழு, 2008இல் தன் முதல் ஆல்பத்தில் ஆப்பிரிக்கக் கிட்டார் நடையை எடுத்துக்கொண்டது. இனிய பாட்டுகள்தாம், நாமும் ரசித்தோம். 2013, 2019, 2024 என்று ஆல்பத்துக்கு ஆல்பம் அவர்கள் ஒலி மாறியது. ஒவ்வொரு மாற்றத்தையும் முதிர்ச்சி என்று விமர்சகர்கள் நிதானமாக எடுத்துரைத்தார்கள். எங்கிருந்தும் எடுக்கலாம், எங்கும் போகலாம் என்ற உரிமை அவர்களுக்குக் கேட்காமலே கிடைத்தது.

அதே 2008இல், பெரும்பாலும் கறுப்பர்களைக் கொண்ட ப்ரூக்ளினின் டிவி ஆன் த ரேடியோ குழு 'டியர் சயன்ஸ்' ஆல்பத்தை வெளியிட்டது. பழைய ஆல்பங்களின் இரைச்சல் குறைந்து, ஃபங்க் தாளம் மேலே வந்த ஆல்பம். அது பல இதழ்களின் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பெற்றது. கறுப்பர்களின் ஒலிமாற்றம் வளர்ச்சி என்றே மதிக்கப்பட்ட தருணம் அது. ஆயினும் அதை விதிவிலக்காகவே பேசினார்கள்.

அடுத்த தலைமுறையில் பார்ட்டீஸ் ஸ்ட்ரேஞ்ச். 'தி நேஷனல்' என்ற இண்டி குழுவின் நிகழ்ச்சிக்குப் போனபோது, கூட்டத்தில் தன்னைப் போன்ற கறுப்பர்கள் மிகச் சிலரே இருந்ததைக் கண்டார். 2020இல் அந்தக் குழுவின் பாட்டுகளையே தன் குரலில், தன் ஒலியில் மறுபடி பாடி வெளியிட்டார். அதே ஆண்டு வந்த 'லிவ் ஃபாரெவர்' ஆல்பத்தில் ராக்கும் ராப்பும் கணினி இசையும் அடுத்தடுத்து வருகின்றன. இசையை வகை பிரித்து வைப்பதே கறுப்பர்களை அடைத்துவைக்கும் பெட்டி என்று அதில் ஒரு பாட்டில் சொல்கிறார். 1920இன் பட்டியலுக்கு நூறு ஆண்டு கழித்து வந்த பதிலாக அதை நாம் கேட்கிறோம். 2022இலும் 2025இலும் வந்த அவருடைய ஆல்பங்களிலும் ஒலி ஓரிடத்தில் நிற்கவில்லை.

6. நமக்கு என்ன வேலை

2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற சிந்தனையிலிருந்து பெயரெடுத்த குழு. கானாவும் பறையும் ராப்பும் மின்கிட்டாரும் ஒரே மேடையில் ஒலித்தன. அதைக் கேட்டு நிமிர்ந்தவர்கள் நாம். அப்படியென்றால் நாளை நம் பிள்ளைகள் முழக்கமே இல்லாத ஒரு காதல் ஆல்பம் போட்டாலும், சொல்லே இல்லாத வெறும் கருவியிசை போட்டாலும் அதையும் நாம் கேட்க வேண்டும். பறையை இழிவென்று ஒதுக்கியதும் சாதி. பறையைத் தவிர வேறெதுவும் உனக்குப் பொருந்தாது என்பதும் சாதியின் இன்னொரு குரல். ஹாக்னி சகோதரர்கள் இரண்டு பக்கமிருந்தும் அடிவாங்கினார்கள். ஒரு பக்கத்து அடியை நாமே கொடுத்துவிடக் கூடாது.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறோம். உங்கள் ஊரில் பறை, கானா, இரவல் ஆர்மோனியத்தில் இயக்கப் பாடல், கல்யாண பேண்ட் என்று வாசித்த ஒருவர் இருப்பார். அவர் வீட்டுக்குப் போங்கள். பழைய கேசட் இருந்தால் வாங்கிக் கணினியில் ஏற்றுங்கள். பதிவு தேதியையும் வாசித்தவர்களின் முழுப்பெயரையும் எழுதிவையுங்கள். முதலில் என்ன வாசித்தார், பிறகு ஏன் மாற்றினார் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேசட் நாடா நீண்ட காலம் தாங்காது. அடுத்த நினைவுநாளுக்கு முன்பே போய்வாருங்கள்.

ஜெய்பீம்.